துடக்கும் தடுப்பூசியும்

விடியற்காலையில் கனடாவிலிருந்து தனஞ்சயன் எடுத்த அழைப்புக்கு யதுஷாதான் தொலைபேசியைத் தூக்கினாள். குணநாயகம் பெரியப்பா போய்விட்டார் என்று அண்ணன் சொன்னான்; கடைசி நாள் நடந்ததையும் ஒன்றொன்றாகச் சொன்னான். பத்து நாளாக ஸ்காபரோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குழாயோடு கிடந்தவர். இன்று நாளை என்று எல்லோரும் மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாலும், செய்தி வந்தபோது யதுஷா தொலைபேசியை வைக்காமல் அப்படியே நின்றாள். அழுவதா, அம்மாவை எழுப்புவதா, அப்பாவை எழுப்புவதா, எது முதலில் என்று அவள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போதே அம்மா சிவமணி குசினி வாசலில் வந்து நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். தொலைபேசியை வாங்கி மகனோடு மெதுவாக நாலு வார்த்தை கதைத்தாள். வைத்த கையோடு சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினாள்.

"அப்பாக்கு இப்ப சொல்லாதை. ஊசியைப் போட்டிட்டு வரட்டும்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது யதுஷாவுக்கு உடனே விளங்கியது. வெள்ளவத்தையில் அவர்களுடைய பகுதியில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அன்றுதான் தொற்றுக்கான தடுப்பூசி போடும் முறை. போடும் இடம் கோயில் கல்யாண மண்டபம். மண்டபத்துக்குத் தனி வாசல் கிடையாது. கோபுரத்துக்குக் கீழே நுழைந்து, உள்வீதியைச் சுற்றித்தான் போகவேண்டும். குணநாயகம், அப்பா நாகேந்திரத்தின் சொந்தப் பெரியப்பா மகன். பங்காளி. பங்காளி செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு; அந்தச் சாவுத் தீட்டோடு கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. மற்ற வீடுகளில் இதற்கு ஆயிரம் விலக்கு இருக்கலாம். நாகேந்திரத்திடம் ஒன்றும் கிடையாது. மின்சார சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பிறகு பல வருடம் அதே கோயிலின் பரிபாலன சபையில் இருந்தவர். திருவிழாக் காலத்தில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, துடக்குக்காரரை ஆள் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்.

அவருக்கு ஆஸ்துமாவும் இருந்தது, சீனி வருத்தமும் இருந்தது. ஒரு வருடமாக மூன்றாம் மாடி பல்கனியைத் தாண்டி வெளியே போனது ஒரே தடவைதான். அன்றைக்கு, கொட்டாஞ்சேனையில் ஊசி போடுகிறார்கள் என்று யாரோ சொல்லப் போய், அந்தப் பகுதி ஆட்களுக்கு மட்டும்தான் என்று திரும்பி வந்தார்கள். இன்னொரு தடவை முறை வந்தபோது அவருக்குக் காய்ச்சல். இன்றைக்கும் தவறினால் அடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. மேல்மாடியில் ஒருவர், முன் ஒழுங்கையில் இரண்டு பேர் என்று செத்துக்கொண்டிருந்தார்கள்.

"துடக்கு எண்டுறது செய்தி காதில விழுந்தாப்பிறகுதான்," என்று சிவமணி கெற்றிலை அடுப்பில் வைத்தபடியே தீர்ப்புச் சொன்னாள். "தெரியாமல் போனால் அவருக்குத் தோஷமில்லை. தெரிஞ்சு அனுப்பின பாவம் எங்களுக்கு வரட்டும். நீ வாசலுக்குள்ள கால் வைக்காதை. வெளியில நில்."

யதுஷா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். செய்த பிறகு அது சரிதானா என்று சந்தேகப்படுகிறவளும்கூட. ஒரு செய்தி இந்த வீட்டுக்குள் எந்தெந்த வழியால் வரலாம் என்று யோசித்து, ஒவ்வொரு வழியாக அடைத்தாள். அப்பாவின் கைத்தொலைபேசியை சத்தமில்லாமல் ஆக்கி சார்ஜரில் போட்டு, அலுமாரிக்குப் பின்னால் தள்ளினாள். கீழ்வீட்டு தனுஷியா அன்ரிக்கு எல்லாச் சாவும் முதலில் தெரியும். படியில் இறங்கும்போது அவள் கதவைத் திறக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவதென்று முடிவெடுத்தாள். மிகப் பெரிய ஆபத்து ரேடியோ. நாகேந்திரம் காலைத் தேத்தண்ணியோடு மரண அறிவித்தல் கேட்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. யதுஷா ரேடியோவின் பற்றரிகளைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்தாள். பிறகு, இறந்தவர் கனடாவில், செய்தி வந்தே ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, ரேடியோவில் எப்படி வரும் என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் பற்றரிகளைத் திரும்ப எடுக்கவில்லை.

அவளுடைய அதிர்ஷ்டம், அன்றைக்கு அப்பா ரேடியோப் பக்கமே திரும்பவில்லை. குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, அரைக்கைச் சட்டை போட்டு, தோளில் சால்வையோடு வந்து கதிரையில் இருந்தார். ஊசி போடத்தானே, காற்சட்டை வசதியாக இருக்குமே என்று யதுஷா சொன்னதற்கு, கோயிலுக்குள் போகிறவன் காற்சட்டையோடு போவதா என்று கேட்டார். தேத்தண்ணியைக் குடித்தார். தினமும் காலையில் எழும்பியதும் "கனடாவிலயிருந்து எடுத்தவங்களோ?" என்று கேட்கிறவர், அதையும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிட்டார் என்று யதுஷா நினைத்தாள்.

குணநாயகத்துக்கும் அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சண்டை உண்டு. குணநாயகம் அங்கிருந்து எடுத்து, முதல் நாள் நடந்த கிரிக்கெட் மட்சைப் பற்றிப் பிழை பிழையாகச் சொல்வார். நாகேந்திரம் இங்கிருந்து திருத்துவார். ஒரு மணித்தியாலம் கத்தி, இருவரும் தொண்டை வறண்டு தொலைபேசியை வைப்பார்கள். வைத்த பிறகு நாகேந்திரம் நாள் முழுக்க நல்ல மனநிலையில் இருப்பார். படியில் அவருக்குப் பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, யதுஷா அப்பாவின் நரைத்த பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தான் செய்வது நல்லதா கெட்டதா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

வழமையாக வரும் ஓட்டோக்காரன் ஹுசைன்தான் த்ரீவீலைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். காலி வீதியில் வாகனமே இல்லை. பூட்டிக்கிடந்த புடைவைக் கடைகளையும் நகைக் கடைகளையும் நாகேந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தவர் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார். தனக்குப் பொரளையில் போட்டுவிட்டார்கள், கை மட்டும் ஒரு நாள் நொந்தது, மற்றபடி ஒன்றுமில்லை என்று ஹுசைன் கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான்.

கோயில் மதிலோடு வரிசை நீண்டிருந்தது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு வெள்ளை வட்டம் போட்டிருந்தார்கள். கையில் இலக்கத் துண்டோடு வட்டத்திலிருந்து வட்டத்துக்கு நகரவேண்டும். யதுஷா அப்பாவுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்தபடி நடந்தாள். கோபுர வாசலுக்கு இன்னும் இரண்டு வட்டம் இருக்கும்போது நாகேந்திரம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அப்போதுதான் பின்னாலிருந்து பாலசுந்தரம் வந்தார்.

பாலசுந்தரம் அடுத்த ஒழுங்கைக்காரர். வங்கி முகாமையாளராக இருந்தவர். மாஸ்க்குக்கு மேல் ஆவி படிந்த பிளாஸ்ரிக் கவசமும் போட்டிருந்ததால், யதுஷா கண்ணால் காட்டிய சைகை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள், வெயிலுக்கு ஆட்டுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, குடைக்குள் வந்து நின்றார்.

"அண்ணை, குணநாயகத்தாரின்ர செய்தி கேட்டதிலயிருந்து மனசு சரியில்லை," என்றார். "லண்டனிலயிருந்து மகள் எடுத்துச் சொன்னவள். எப்பிடிப்பட்ட மனிசன். நீங்கள்தான் தைரியமா இருக்கோணும்."

 முன்னால் நின்றவர் உள்ளே போய்விட்டார். வாசலில் நின்ற படைவீரன் அடுத்தவர் வரலாம் என்று கையைக் காட்டினான். நாகேந்திரம் குனிந்து, கழற்றிய செருப்பை எடுத்து, ஒரு காலைப் போட்டு, மற்றக் காலையும் போட்டு, வரிசையை விட்டு விலகி மதிலோரம் வந்து நின்றார்.

பாலசுந்தரத்துக்குத் தான் செய்த வேலை அப்போதுதான் விளங்கியது. "ஐயோ அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ?" என்று தலையில் கை வைத்தார். கவசத்தில் இடித்துக்கொண்டது.

"இப்ப தெரியும்," என்றார் நாகேந்திரம்.

அதற்குப் பிறகு அந்த மதிலோரத்தில் ஒரு சிறிய நீதிமன்றமே நடந்தது. பாலசுந்தரம் வாதாடினார். இது பூசை இல்லை, ஊசி, மூலஸ்தானம் பூட்டியிருக்கிறது, உள்ளே சப்பாத்தோடு பொலிஸ்காரர் திரிகிறார்கள், கடவுளே கண்ணை மூடிக்கொண்டிருக்கும் காலம் இது. வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர், உயிருக்கு ஆபத்து என்றால் சாஸ்திரத்தில் இடமுண்டு என்றார். எந்தச் சாஸ்திரம் என்று நாகேந்திரம் கேட்டதும் அவர் முன் வட்டத்துக்கு நகர்ந்துவிட்டார்.

"பாலா," என்றார் நாகேந்திரம், "அந்த முறை தேர்த் திருவிழாவுக்கு நீ பட்டுச்சால்வையோட வந்தாய். உன்ர சித்தப்பாவின்ர துடக்கு முடிய ரெண்டு நாள் கிடந்தது. நான்தான் உன்னை இந்த வாசலில நிப்பாட்டித் திருப்பி அனுப்பினனான். மனிசிக்கும் பிள்ளையளுக்கும் முன்னால. உனக்கொரு சட்டம், எனக்கொரு சட்டமோ?"

"அதுக்கு நான் ரெண்டு வருசம் உங்களோட கதைக்கேல்லை," என்றார் பாலசுந்தரம். "இப்ப சொல்லுறன், நான் கோவத்தை விட்டிட்டன். நீங்கள் உள்ள போங்கோ."

"நீ விட்டிட்டாய். நான் விடேலாது."

பிறகு அவர் மகள் பக்கம் திரும்பினார். யதுஷா குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றாள்.

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"ஓம் அப்பா."

"கொம்மாக்கு?"

"அம்மாதான் சொல்ல வேண்டாமெண்டவ." சொன்ன உடனேயே அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கும் சரியெண்டுதான் பட்டது அப்பா."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "விடிய ரெலிபோன் அடிச்சது எனக்கும் கேட்டது. அந்த நேரத்தில வாற கோல் என்ன கோலெண்டு தெரியாதே? ஊசியைப் போட்டிட்டு வந்து கேட்பமெண்டுதான் கிடந்தனான். அதுதான் ரேடியோவும் போடேல்லை. கேட்காமல் இருக்கிறது வேற, பிள்ளை. கேட்டாப்பிறகு போறது வேற."

யதுஷாவுக்கு அரிசி வாளிக்குள் கிடந்த பற்றரிகள் நினைவு வந்தன. வீட்டில் மூன்று பேரும் ஒரே செய்தியை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். ஆனால் அதை நினைத்துக்கொண்டு நிற்க இப்போது நேரமில்லை. அப்பாவின் மூச்சில் அந்த மெல்லிய விசில் சத்தம் தொடங்கிவிட்டது. அவரை இப்படியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால், முப்பத்தொரு நாளைக்கு இந்த வாசல் அவருக்கு இல்லை. அதற்குள் என்னவும் நடக்கலாம்.

அவள் வாசலருகே போனாள். நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த தாதியை "மிஸ், மிஸ்" என்று அழைத்தாள். நிலூஷா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்த இளம்பெண் உள்ளே வந்து சொல்லும்படி சைகை செய்தாள். யதுஷா வரமுடியாது என்று தலையாட்டினாள். இந்த இழுபறி இரண்டு தடவை நடந்த பிறகு நிலூஷாவே எழும்பி வந்தாள். யதுஷாவுக்குக் கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதுமான சிங்களம் தெரியும். துடக்கை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் மரணம், அப்பாவின் அண்ணா, கோயிலுக்குள் வரக்கூடாது, ஆனால் ஊசி வேண்டும், அப்பாவுக்கு மூச்சு வருத்தம் என்று வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எந்த ஆஸ்பத்திரியிலாவது இப்படி ஒரு முட்டாள்தனத்தைக் கேட்டிருப்பார்களா என்று உள்ளே குன்றிக்கொண்டுதான் சொன்னாள்.

நிலூஷா சிரிக்கவில்லை. "கில்லத?" என்று கேட்டாள்; சிங்களத்தில் துடக்குக்கு அதுதான் சொல். தங்கள் ஊரிலும் அது உண்டென்றும், அப்பா செத்தபோது அம்மா மூன்று மாதம் கோயில் பக்கம் யாரையும் விடவில்லையென்றும் சொன்னாள். பிறகு கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையைக் காட்டினாள். நடக்க முடியாதவர்களுக்கு வாகனத்திலேயே வைத்து ஊசி போடுவதற்காக ஒரு வானும் மூன்று த்ரீவீலும் அங்கே வரிசையாக நின்றன. அப்பாவையும் ஒரு த்ரீவீலில் ஏற்றி அந்த வரிசையில் விடச் சொன்னாள். சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் நடக்க ஏலாது என்று சொல்லும்படியும் சொன்னாள்.

யதுஷா ஓடிவந்து சொன்னாள். காத்து நின்ற ஹுசைன் அதைக் கேட்டதும் த்ரீவீலை உயிர்ப்பித்தே விட்டான்.

நாகேந்திரம் ஏறினார். ஆனால் நடக்க முடியாது என்று மட்டும் சொல்லமாட்டேன் என்றார். ஒரு பிழையைத் தவிர்க்க இன்னொரு பிழையா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பரிசோதகரே வந்துவிட்டார். நாகேந்திரம் த்ரீவீலிலிருந்து இறங்கி, நேராக நின்று, அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருடம் பழகிய சுத்தமான சிங்களத்தில், தன் கால்கள் நன்றாக இருக்கின்றன என்றும், தான் உள்ளே வராததற்குக் காரணம் இதுதான் என்றும் ஒன்றும் மறைக்காமல் விளக்கினார். யதுஷா கண்ணை மூடிக்கொண்டாள். பரிசோதகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இப்படி நடக்கக்கூடிய ஆட்களையெல்லாம் வாகனத்தில் வைத்துப் போட முடியாது என்றார்.

"சரியான கதை," என்றார் நாகேந்திரம். "ஏலாத ஆக்களுக்கு முதல் போடுங்கோ. எல்லாருக்கும் போட்டு, மிஞ்சினால் எனக்குத் தாங்கோ. மிஞ்சாட்டி நான் போறன்." இதையும் சிங்களத்தில் சொல்லிவிட்டு, மகளுக்கு விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னார்.

பரிசோதகர் யோசித்தார். வாசலில் நின்ற நிலூஷாவைப் பார்த்தார். நிலூஷா தலையைச் சற்று ஆட்டினாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஹுசைன் த்ரீவீலை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினான். புதிதாக ஒரு வாகனம் வரும்போதெல்லாம் நாகேந்திரம் அதை முன்னால் விடச் சொன்னார். ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். பக்கவாதம் வந்த ஒரு அம்மாவைக் காரில் கொண்டுவந்தார்கள். "ஐயா, இப்படியே வழி விட்டா நாம பின்னுக்குப் போய்ப் போய் தெஹிவளைக்கே போயிருவோம்," என்றான் ஹுசைன். நாகேந்திரம் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

யதுஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் வாசலுக்கும் த்ரீவீலுக்குமாக நடந்தாள். உள்ளே போய்ப் பார்க்க அவளாலும் முடியாது. அந்த வேலையைப் பாலசுந்தரம் எடுத்துக்கொண்டார். தனக்குப் போட்டு முடித்து, உள்ளே கதிரையில் கொஞ்ச நேரம் இருக்கவேண்டியவர், இரண்டு தடவை எழும்பி வாசலுக்கு வந்து, பெட்டிக்குள் இன்னும் கிடக்கிறது என்று கையால் காட்டிவிட்டு, பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். மூன்றாம் தடவை வந்தபோது கையால் ஒன்றும் காட்டவில்லை. வரிசை முடிந்துவிட்டது, மேசையை ஒதுக்குகிறார்கள் என்று மட்டும் சொன்னார். யதுஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பரவாயில்லை பிள்ளை," என்றார். அந்தப் பரவாயில்லையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நொடி, அந்த வாசலைத் தாண்டி உள்ளே ஓடிப்போய் நிலூஷாவின் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும் போலிருந்தது. கால் நிலைப்படி வரை போனது. அங்கேயே நின்றது.

நிலூஷா நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானாகவே வெளியே வந்தாள். வாகனங்களில் இருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். வான் முடிந்தது, கார் முடிந்தது, ஊன்றுகோல்காரர் முடிந்தார். கடைசி த்ரீவீலுக்கு வந்து, பெட்டியை இருக்கையில் வைத்துத் திறந்தாள். உள்ளே எத்தனை இருந்தது என்று யதுஷா பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. நிலூஷா ஊசியை நிரப்பினாள். நாகேந்திரம் சட்டைக்கையை மடித்து, முகத்தைக் கோபுரப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். பஞ்சை அமர்த்திப் பிடிக்கச் சொல்லி, அரை மணித்தியாலம் இங்கேயே இருக்கவேண்டும், தலை சுற்றினால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வாசலுக்குப் போனாள்.

நாகேந்திரம் பஞ்சை அமர்த்திப் பிடித்துக்கொண்டார். பிறகு மகளைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார்.

"இப்ப சொல்லு. அண்ணைக்கு என்ன நடந்தது?"

யதுஷா சொன்னாள். தனஞ்சயன் சொன்ன ஒழுங்கிலேயே ஒன்றும் விடாமல் சொன்னாள். முந்தின நாள் மூச்சு கொஞ்சம் சீரானதும், குழாயைக் கழற்றிப் பார்த்ததும், பிள்ளைகளை உள்ளே விடாததும், ஒரு தாதி தொலைபேசியைப் பிடித்து முகத்தைக் காட்டியதும். அவரால் அதிகம் கதைக்க முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்க ஏலாமல் போனதை நாகேந்திரத்திடம் சொல்லச் சொன்னாராம். மட்சில் யார் வென்றது என்று கேட்டாராம்.

"அந்த மட்ச் மழையால நிண்டது," என்றார் நாகேந்திரம். "ஒருத்தரும் வெல்லேல்லை." பிறகு, "அந்தாளுக்கு ஒருநாளும் ஒண்டும் சரியாத் தெரியாது," என்றார். அப்படியே குனிந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. யதுஷா அவருடைய முதுகில் கையை வைத்தாள். ஹுசைன் இறங்கி, வெயிலில் போய் மதிலோரம் பாலசுந்தரத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

வாசலில் நின்ற நிலூஷா இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, ஏதும் பிரச்சினையா என்று கையை உயர்த்திக் கேட்டாள். யதுஷா அப்பாவின் மூச்சைக் கவனித்தாள். விசில் சத்தம் இல்லை. அழுகைதான். அவள் நிலூஷாவைப் பார்த்து, ஒன்றுமில்லை, அவர் நன்றாக இருக்கிறார் என்று தலையசைத்தாள்.